இதர செலவுகள்

தலைமை அலுவலகம் டொராண்டோவில்.
அங்கிருந்து அக்டோபரில் ஒரு பெட்டி வந்தது.
நாற்பத்தெட்டு பீங்கான் குவளைகள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் கம்பெனி முத்திரை,
அதன் கீழே
'நீங்கள் எங்களுக்கு முக்கியம்.'

குடியிருப்போர் பாராட்டு நாள் என்று
லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டினேன்.
பீட்சா பதினாறு.
வந்தவர்கள் ஏழு பேர்,
அதில் ஒருவர் தபால்காரர்.
மீதியை ஒரு வாரம் நானே தின்றேன்.

என் பெயர் மார்லிஸ் டேவ்ஸ்.
வினிப்பெக்கில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேனேஜர்.
என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால்
நடைவழியில் பேச்சு நின்றுவிடும்.
வாடகை கேட்கிற வாய்க்கு
யார் சர்க்கரை போடுவார்கள்?

ஜனவரி பதினெட்டு, இரவு ஒன்பதே முக்கால்.
வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
பாய்லர் ஒருமுறை இருமியது.
பிறகு இருமவில்லை.
மெக்கானிக் விடிந்துதான் வருவாராம்.
அவசர எண்ணில் ஒரு பதிவுக்குரல்
என் பொறுமைக்கு நன்றி சொன்னது.

கதவு கதவாகத் தட்டினேன்:
'போர்வையோடு சலவை அறைக்கு வாருங்கள்.'
அங்கே ஜன்னல் கிடையாது.
ஆறு டிரையர்கள் இருந்தன.
மின்சாரம் இன்னும் எங்களைக் கைவிடவில்லை.

எவாரிஸ்டோ டிமாகுலாங்கன்
சோற்றுக் குக்கரைத் தூக்கிவந்தார், மூடி தடதடக்க.
எரித்ரியாக்காரி லெத்தெப்ரஹான்
இஞ்சி மணக்கும் இரண்டு ஃபிளாஸ்க்.
இருநூற்று மூன்றின் விர்ஜில்,
மூன்று வருஷத்தில் என்னிடம் பேசியது
குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டும்,
ஒரு கண்ணாடித் தொட்டியை
நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிவந்தார்.
உள்ளே ஆமை.
நாய் கூடாது, பூனை கூடாது என்கிற ஒப்பந்தத்தில்
ஆமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இருந்தாலும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டிரையர் ஒரு சுற்றுக்கு இரண்டு டாலர்.
பதினொன்றுக்குள் எல்லார் பையிலும்
சில்லறை தீர்ந்தது.
எல்லாரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்,
கொத்தில் இருப்பதிலேயே சின்னச் சாவியை.

காசுப்பெட்டியைத் திறந்தேன்.
எல்லாம் அவர்கள் போட்ட காசு.
வேலைச் சட்டைகளின் காசு,
குழந்தை நனைத்த விரிப்புகளின் காசு.
எடுத்துப் போட்டோம்.
உள்ளே விழுந்ததும் திறந்து எடுத்தோம்.
மறுபடி போட்டோம்.
அதே அறுபது டாலர்
எந்திரத்தின் வாய்க்கும் வயிற்றுக்கும் இடையே
விடியும்வரை நடந்துகொண்டிருந்தது.

சூடாக வந்த போர்வை
முதலில் கைக்குழந்தைக்கு,
அப்புறம் யாருக்குப் பல் தந்தியடிக்கிறதோ அவருக்கு.
யாருடையது யார்மேல் என்பது
நள்ளிரவுக்கு முன்பே குழம்பிவிட்டது.
ஐந்தாம் மாடிக்காரரும் முதல் மாடிக்காரரும்
இரவு தலைக்குமேல் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு
இரண்டு வருஷமாக
ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்களாம்.
நடுவில் மூன்று மாடி இருக்கிறதே என்று
யாரோ சொன்னபோது
அறை முழுக்கச் சிரித்தது.

இஞ்சித் தேநீருக்குக் குவளை போதவில்லை.
அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது.
முத்திரையை யாரும் படிக்கவில்லை.
அதன் சூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ஆறரைக்கு மெக்கானிக்.
சுவருக்குள் குழாய்கள் டங்கென்று விழித்தன.
அவரவர் மாடிக்கு ஏறிப்போனார்கள்.
நன்றி என்று அவர்களும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை
முன்னூற்று நாலுக்கு வாடகை பாக்கி நோட்டீஸ்.
கதவின் அடியில் தள்ளக் குனிந்தேன்.
கதவு திறந்தது.
ஓரிஸ்யாவின் கையில் என் பச்சைப் போர்வை,
மூலையோடு மூலை சேர்த்து மடித்தது.
நான் போர்வையை வாங்கினேன்.
அவள் நோட்டீஸை வாங்கினாள்.
'வெள்ளிக்கிழமைக்குள்' என்றாள்.
'சரி' என்றேன்.
அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

இப்போது டொராண்டோ கேட்கிறது:
மீட்டரில் ஒரே இரவில் அறுபத்தாறு சுற்று,
அதற்கான காசு எங்கே?

படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை.
'இதர செலவுகள்' என்ற வரியில் எழுதினேன்:
குடியிருப்போர் பாராட்டு நாள்.
வந்தவர்கள் ஐம்பத்துமூன்று.
கொஞ்சம் யோசித்து,
ஆமையை அடித்துவிட்டேன்.