கேட்டு மூடும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டு மூடினால்
லேத்தை நிறுத்திவிடுவேன்.
நாற்பத்திரண்டு வேகன்
எங்கள் சுவரை உரசாத குறையாகப் போகும்.
அந்நேரம் டூல் முனை பித்தளையில் இருந்தால்
ரயில் அப்படியே பதிந்துவிடும்,
வரிவரியாய்.
நகத்தால் தடவி வேகனை எண்ணலாம்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு.
மீன்பாடி வண்டியில் வந்தது லேத்,
வியாசர்பாடிப் பழைய இரும்புக்கடையிலிருந்து.
நாலு பேர், ஒரு தாம்புக்கயிறு, ஏகப்பட்ட வசவு.
முதல் மாதம் முழுக்க
சூடேறினால் வஞ்சிரம் வாசனை அடித்தது.

டிரில் பிட்டெல்லாம் டூத்பிரஷ் ஸ்டாண்டில்
(பிரஷ்கள் ஜன்னல் கம்பியில்).
டேப்புகள் ஷெரினின் பழைய ஜாமெட்ரி பாக்ஸில்.
அரத்தோடு அரம் உரசினால் பல் போய்விடும்,
ஆளுக்கொரு காலுறை மாட்டிப் படுக்க வைத்திருக்கிறேன்.
மைக்ரோமீட்டர் அரிசி டப்பாவுக்குள்:
கடல்காற்று அரிசியைத் தாண்டி வராது.
மற்ற வீடுகளில் அங்கே நகை இருக்கும்.
எதற்கென்று தெரியாத பாகங்களுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
அதுதான் சீக்கிரம் நிறைகிறது.

பகலில் மாதவரத்தில் வால்வு கம்பெனி.
ஷிப்டுக்கு எண்ணூறு துண்டு,
எண்ணூறும் ஒரே துண்டு.
அதில் ஒன்றுகூட ஊதாது.

தவசீலன் கொண்டுவந்த ட்ரம்பெட்டில்
இரண்டாவது பிஸ்டன் நசுங்கியிருந்தது.
புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்தில்
மாப்பிள்ளையின் மாமாவே மிதித்தாராம்.
"புதுசு வாங்குன்றாங்க.
அந்தக் காசுக்கு நாலு மாசம் ஊதணுங்க்கா."

முதல் பிஸ்டன் ரயிலோடு போனது.
(கேட்டுக்காரர் அன்று மணி அடிக்கவில்லை,
அல்லது நான்தான் கேட்கவில்லை.)
இரண்டாவது, நூறில் ஒரு மில்லிமீட்டர் இளைத்துவிட்டது.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
காற்றுக்கு அது வாசல்.

மூன்றாவதற்குக் குறுக்குக் குழாய்களை
மொட்டைமாடியில் பற்றவைத்தேன்,
ஹவுஸ் ஓனர் சீரியல் பார்க்கும் நேரமாய்ப் பார்த்து.

வேலை முடிந்தால் தரையெங்கும் காந்தம் ஓட்டுவேன்.
இரும்புப் பிசிறெல்லாம் முள்ளம்பன்றியாய் ஒட்டிக்கொண்டு வரும்.
பித்தளை அசையாது.
அதற்குக் காந்தம் யாரோ.
மண்டிபோட்டு, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து
மின்னுவதை ஒவ்வொன்றாய் விரல்நுனியில் எடுக்க வேண்டும்,
காலையில் வெறுங்காலோடு இறங்குகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.
எப்படியும் ஒன்றிரண்டு தப்பும்.
பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாராம்,
தலையில் என்ன ஜிகினா என்று.
"ட்ரம்பெட்" என்றாளாம்.

பல்பொடி குழைத்து, எண்ணெய் விட்டு,
உறைக்குள் பிஸ்டனை ஏற்றி இறக்கித் திருப்பி
மூன்று ராத்திரி.
நாலாம் ராத்திரி இரண்டரை மணிக்கு
உறையின் அடியை உள்ளங்கையால் பொத்தி
மேலே இழுத்தேன்.
பொப்.
சோடா பாட்டில் திறந்த மாதிரி.
இன்னொரு தடவை இழுத்தேன். ஆறு தடவை இழுத்தேன்.
கட்டிலில் புரண்ட கிருபாகரன்
"யாரது?" என்றான்.

போன வியாழன்
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சாவு ஊர்வலம்.
கேட்டு மூடியதால் எல்லாம் நின்றது,
பூந்தேர், பறை, பைக்குகள், நான்.
கேட்டு வரைக்கும் ஊதிக்கொண்டே வந்தான் தவசீலன்.
எல்லோரும் பாட்டைக் கேட்டார்கள்.
நான் இரண்டாவது விரலைக் கேட்டேன்:
இறங்கும்போது ஒன்றுமில்லை,
ஏறும்போது ஒரு 'டக்'.
ஸ்பிரிங் அரைச் சுற்று அதிகம்.

எச்சில் தண்ணீரை உதறியவன் என்னைப் பார்த்தான்.
ஊதாமலே அந்தப் பிஸ்டனை மட்டும்
அழுத்திக் காட்டினான், பெருமையாய்.
"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா,
ஸ்பிரிங்க வெட்டணும்!"
கத்தினேன்.
டாங்கர் டாங்கராய் ரயில் போய்க்கொண்டிருந்தது.
அவன் சிரித்துத் தலையாட்டினான்,
பாராட்டுக்கு ஆட்டுவது போல.