நிறுத்தங்கள்

கிலோமீட்டர் சொல்லாதே என்றார் குன்டார்ஸ்,
எத்தனை நிறுத்தம், அதைச் சொல்.
ரீகாவில் பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிற மனிதர்.
நாற்பத்தாறு, என்றேன், தோராயமாக.

எனக்கு இது ஏழாவது அரை மாரத்தான்.
அவருக்கு முதல். காலுறைகூட நான் வாங்கித் தந்தது.

டௌகவா பாலம் வரை வாய் ஓயவில்லை:
இந்தத் திருப்பத்தில் கண்ணாடி உரசும்,
அந்த மருந்துக்கடை நிறுத்தத்தில்
ஓர் அம்மாள் ஏறிய பிறகுதான்
பைக்குள் சில்லறை தேடுவாள்.

பதினான்காவதில் பேச்சு நின்றது.
கல் பாவிய தெரு. எதிர்காற்று.
"நீ போ, ரஸ்மா."
விலா பிடித்துக்கொண்டது என்று பொய் சொன்னேன்.
பொய் என்று தெரிந்தும்
என் விலாவுக்காக மெதுவாக ஓடினார்.

இத்தனை வருடம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.
இப்படி ஒரு மூச்சு உள்ளே இருந்தது தெரியாது.

தடுப்புக்கு அப்பால் அவருடைய வழித்தட வண்டி
எங்களுக்காகக் காத்து நிற்கிறது.
ஓட்டுநர் இருக்கையில் ஆர்விட்ஸ்,
ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறான்.
ஜன்னலெல்லாம் முகங்கள். பாதிக்குக் கோபம்.

குன்டார்ஸ் கையை உயர்த்தினார்,
எதிரே வரும் வண்டிக்கு உயர்த்துவாரே, இரண்டு விரல்,
அப்படியே.
இன்னும் எத்தனை என்று கேட்கவில்லை.
நிற்கவுமில்லை.