நாலு ஓம்

பெட்டியில் மூவாயிரம் வாட் என்று போட்டு
பக்கத்தில் ஒரு சிங்கம்.
சிங்கத்தைப் புரட்டிப் பின்பக்கம் தேடினேன்.
எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
தொடர்ந்து தருவது நூற்றைம்பது, நாலு ஓமில்.

"அவ்வளவுதானா?" என்றான் சேவுகன்.
ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிற சுமோ;
இருக்கை இடுக்கெல்லாம் சிமெண்ட் தூசி.
டிக்கியில் ஒரே கூண்டுக்குள் பன்னிரண்டு அங்குலம் இரண்டு,
ஒவ்வொன்றும் முந்நூறு கேட்கும் வயிறு.

காரைக்குடியில் கடை போட்டு ஒன்பது வருஷம்.
பெரிய ஆம்ப் ஸ்பீக்கரைக் கொன்றுவிடும் என்றுதான்
வருகிறவர்கள் எல்லாரும் பயப்படுகிறார்கள்.
நான் அறுத்துப் பார்த்ததில் பாதிக்குமேல்
சின்ன ஆம்பால் செத்தவை.
முடியாததை முடியுமென்று கத்தும்போது
அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது.
மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை,
அந்த இடத்தில் சூடு காயிலிலேயே தங்கிவிடும்.
அப்புறம் அந்த வாடை.
ஒருதரம் மூக்கில் ஏறினால் சோற்றிலும் அடிக்கும்.

இத்தனையும் சொல்லி முடித்தேன்.
"ஒண்ணக் கழட்டிரு. ஒண்ணுக்கு ஒண்ணு சரியா இருக்கும்."
"ரெண்டு வாங்கிட்டு ஒண்ண வீட்ல வைக்கவாண்ணே?"

பக்கம்பக்கமாகக் கட்டினால் ரெண்டு ஓம்,
ஆம்ப் சிவப்பு விளக்கைப் போட்டுப் படுத்துக்கொள்ளும்.
ஒன்றின் வாலில் ஒன்றாகக் கட்டினேன். எட்டு.
பாதிதான் தரும், ஆனால் நிற்கும்.
மீட்டரை வைத்தேன், ஏழு காட்டியது,
எட்டுக்கு ஏழு என்றால் சுத்தம்.
கரண்ட் போய்விட்டது, மணி பத்து,
போட்டுக் காட்டாமலே அனுப்பிவிட்டேன்.

மதுரை போய்விட்டு சனிக்கிழமை வந்தான்.
"அதிரவே இல்லண்ணே. வீட்ல கூட்டிட்டுப் போயி
மானம் போச்சு."
கூண்டைத் திறந்து ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட்டேன்.
ஒரு கூம்பு வெளியே வந்தது.
இன்னொன்று உள்ளே போனது.

என் கைதான். இருட்டில் கறுப்பும் சிவப்பும்.
திருப்பத்தூர் தாண்டி, மேலூர் தாண்டி,
ஒன்று தள்ளத் தள்ள மற்றது இழுத்து
இரண்டும் முழுசாய் உழைத்திருக்கின்றன,
கேட்க ஒன்றுமில்லாமல்.
மீட்டருக்கு இது தெரியாது.
ஓம் எப்படிக் கட்டினாலும் ஓம்தான்.

வயரை மாற்றிப் போட்டேன்.
ஷட்டர் நடுங்கியது, எதிரே டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்,
நம்பர் பிளேட் தனியாக ஒரு தாளம் போட்டது.
சேவுகன் சிரித்தான்.
பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கவா? பாப்பாவுக்கு எட்டு மாசம்.
வண்டியில ஏத்துனா அழுதுகிட்டே வரும்.
அன்னைக்குப் போகையிலும் தூங்குச்சு, வரையிலும் தூங்குச்சு.
பழையபடி திருப்பிவைக்க
எதாச்சும் ஸ்விட்ச் இருக்கா?"

இருந்தது. ஆறு கால் ஸ்விட்ச், இருபத்தைந்து ரூபாய்.
கூலி வாங்கவில்லை.