பதினொரு விநாடி

பின்கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.
ஹெலிகாப்டரின் தரையில் குப்புறப் படுத்து
கீழே பார்த்துச் சொல்வது என் வேலை.
நாற்பத்தைந்து மீட்டர் கயிறு,
நுனியில் கொக்கி,
கொக்கிக்குக் கீழே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கும் கீழே பசிபிக்.

ஓட்டுவது மெரே திபோகி.
கிஸ்போர்ன் மலைச்சரிவுகளில்
வெட்டிய பைன் மரங்களைத் தூக்கியே பதினாறு வருஷம்.
மரம் காத்திருக்கும் என்பாள்.
இது காத்திருக்காது.

மாஹியா முனையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு,
பிறகு சத்தம்,
பிறகு வழக்கமான கடல்.
மேலடுக்கு செயற்கைக்கோளோடு போய்விட்டது.
அதைப் பார்க்க எத்தனையோ திரைகள், எத்தனையோ பேர்.
எரிந்து முடித்த கீழடுக்குக்கு
நாங்கள் இரண்டு பேர்,
கீழே லாக்லனின் படகு.

வெகுநேரம் வானத்தில் எதுவுமில்லை.
அப்புறம் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
புள்ளி குடையாயிற்று.
குடையின் அடியில் கரிபிடித்த நீளக் குழாய்:
அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு
வைக்க இடம் தேடும் பாத்திரம்.

அதன் வேகத்துக்கே நாங்களும் இறங்கினோம்.
உடனே அது அந்தரத்தில் அசையாமல் நின்றுவிட்டது;
கடல்தான் ஏறி வந்தது.

இடப்பக்கம் நான்கு. மூன்று. நேர். நேர்.
தவறிப்போனது.
மெரே ஒன்றும் சொல்லாமல் சுற்றி வந்தாள்.
இரண்டு. ஒன்று. அரை...

கவ்வியது
முதலில் என் விலா எலும்புகளுக்குத்தான் தெரிந்தது.

ஒரு டன் என்று கணக்கு சொல்லியிருந்தது.
பக்கவாட்டில் இழுக்கும் என்று சொல்லவில்லை.
பாதி மடங்கிய குடை காற்றைக் குடித்துக் குடித்து
எங்கள் வாலைத் திருகியது.
காதில், கட்டுப்பாட்டு அறையின் கைதட்டல்.
ஒன்பது என்று எண்ணினேன். பத்து.
என் முதுகுக்குப் பின்னால்
ஒரு சின்ன ‘க்ளிக்’.

கைதட்டல் இன்னும் கொஞ்சம் ஓடியது,
சேதி அங்கே போய்ச் சேரும்வரை.
நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்,
பன்னிரண்டு, பதின்மூன்று,
கீழே வெள்ளையாய் ஒரு தெறிப்பு எழும்வரை.

உப்புத்தண்ணீர் குடித்த எஞ்சின் மறுபடி எரியுமா,
லாக்லன் கரைக்கு இழுத்து வந்தால் தெரியும்.

தரையிறங்கியபோது கொக்கியில்
விரல் நீளத்துக்கு ஆரஞ்சு நூல் சிக்கியிருந்தது.
பொறியாளர் ஒருவர் ஓடிவந்து, கையுறை போட்டு,
அதைப் பாலிதீன் உறையில் இட்டு
தேதி எழுதினார். எடை எழுதும் இடத்தில்
பேனா சற்று நின்றது.

மெரே ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
‘என்னிடம் கேட்காதே,’ என்றாள்,
‘நான் தூக்கியபோது அதிகமாக இருந்தது.’