சொல் பொறுக்கி

தொண்டியார்பேட்டை கன்டெய்னர் கம்பெனி ஒன்றின் இரண்டாம் மாடி.
பையில் அனுமதிக் கடிதம், முத்திரையோடு.
எங்கள் பூட்டுகளை உடைத்துக் காட்டு என்று
கூலி பேசிக் கூப்பிட்டிருந்தார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு பூட்டு.

முதலில் வெளிநாட்டுப் பட்டியலை ஓடவிட்டேன்.
டிராகன், குரங்கு, சூரிய வெளிச்சம், ஐ லவ் யூ.
பத்து லட்சம் சொல்லுக்குப் பதினொன்று திறந்தது.
இங்கே யார் டிராகனைக் கண்டார்கள்?

இறங்கி நடந்தேன், சொல் பொறுக்க.
ஆட்டோ முதுகு, மீன்பாடி வண்டியின் பலகை,
கேரம் கிளப்பின் பெயர், செத்த பாக்ஸருக்கு வைத்த பேனர்,
காசிமேட்டுப் படகுகளின் மூக்கில் எழுதியிருந்தவை,
வடிவுடையம்மா, அந்தோணியார்,
அத்தோ கடையில் ஒருவன் போனில் கத்தியது.

ராத்திரி விதி எழுதினேன்.
முதல் எழுத்தைப் பெரிதாக்கு.
வாலில் எண் ஒட்டு.
ஏ வரும் இடத்தில் அட் குறி.
ழ-வுக்கு மட்டும் நாலு விதி.
வாயப்பயம் தின்கிற ஊரில்
அவரவர் நாக்குக்கு ஓர் ஆங்கிலம்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பி
கேஸ் வாடை ஏறிய நேரம்
உதிர ஆரம்பித்தது.
நூற்றெண்பது. இருநூற்று மூன்று.
முதலாளியுடையது அவர் கார் நம்பர்.
ஐடி பார்க்கும் ஏசுபாதம் விழுந்து விழுந்து சிரித்தான்,
அவனுடையது விழும்வரை.

அப்புறம் யார்டு செக்‌ஷனில் ஒன்று.
முப்பது நாளுக்கொரு தரம் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் இங்கே.
பழையதையும் சர்வர் மறப்பதில்லை.

சம்பளம்வரல1
சம்பளம்வரல2
சம்பளம்வரல3

ஏழு வரைக்கும் போனது.
அத்தோ கடையில் பொறுக்கிய சொல்தான் இரண்டும்.
எட்டாவதைத் திறக்க மெஷின் தேவையில்லை.

ஏசுபாதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை அசையாமல் கிடந்தது.
"கான்ட்ராக்ட் ஆளுங்க," என்றான். "நம்ம ரோல்ல வரமாட்டாங்க."

அறிக்கையில் கடவுச்சொல்லை எழுதக்கூடாது. தொழில் தர்மம்.
வரிசை எண், துறை,
பலவீனம்: அதிகம்,
காரணம்: எளிதில் யூகிக்கலாம்.
பரிந்துரைக்கு எல்லா ஊரிலும் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன்:
மாதாமாதம் எண் மட்டும் கூடிக்கொண்டே போகக் கூடாது.

அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.
பெறுநர் கட்டத்தில் மட்டும்
ஊழியர்கள் என்றிருந்ததை அழித்து
நிர்வாகம் என்று அடித்தேன்.

எட்டிப் பார்த்தான் ஏசுபாதம்.
ஒன்றும் சொல்லாமல்
டீ வாங்கக் கீழே போனான்.