சீட்டில் விழுந்த நாடு

பிஷ்கெக். மூன்றாம் மாடி. அக்டோபர் கடைசி வாரம்.
குழாய்களில் இன்னும் வெந்நீர் வரவில்லை,
அதற்கு ஒரு தேதி இருக்கிறதாம்.
தேதிக்குக் குளிர் தெரியாது.
இருபத்திரண்டு பேரும் மேலங்கியைக் கழற்றாமலே
உலகை யார் ஆளுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் பேசியவர் ஹில்டெ, டச்சுக்காரர்,
கடல்மட்டத்துக்குக் கீழே பிறந்தவர்.
இறையாண்மை என்று பலகையில் எழுதி
அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
முக்கால் வட்டத்தில் மார்க்கர் காய்ந்தது.
மாலைவரை அது அப்படியே
வாய் திறந்தபடி நின்றது.

மதியம் பட்டறை.
கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகள்:
தலைமடை நாடு, கடைமடை நாடு,
கடன் தரும் வங்கி,
கவலை தெரிவிக்கும் நாடுகள் (இது மட்டும் ஒன்பது சீட்டு).

தில்னவோஸுக்கு ஊர் ஃபெர்கானா. பருத்திக் காடு.
ஜூலையில் வாய்க்கால் வறண்டால்
அப்பா வீட்டில் பேசுவதை நிறுத்திவிடுவார் என்று
தேநீர் ஆறுவதற்குள் சொல்லியிருந்தாள்.
அவளுக்குத் தலைமடை விழுந்தது.
அணையும் மதகும் இனி அவள் கையில்.

நரின் நகரத்து எர்மெக்,
மின்சாரம் இல்லாத ஜனவரிகளில்
மெழுகுவத்தியில் படித்துத் தேறியவன்,
கடைமடைக்குப் போனான்.

மாற்றிக்கொள்ளலாமா என்று
இருவரும் கண்ணாலேயே கேட்டார்கள்.
ஹில்டெ தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

முதல் அரைமணி அட்டையைப் பார்த்து வாசித்தார்கள்.
பிறகு எர்மெக் அட்டையைக் கவிழ்த்தான்.
"குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்து விளக்கெரிக்கிறீர்கள்.
ஜூலையில் செடிக்கு எதை ஊற்றுவது,
உங்கள் வெளிச்சத்தையா?"

அது அவள் அப்பாவின் கேள்வி.
ஒரு கணம்
அவள் வாய் திறந்து மூடியது.
பின் பதில் சொன்னாள். நல்ல பதில்.
மலையூர் மருத்துவமனை, குறைமாதக் குழந்தை,
அதன் கண்ணாடிப் பெட்டியில் எரியவேண்டிய ஒரே பல்பு.
சொல்லி முடித்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.
யாரையும் பார்க்கவில்லை.

வரைவின் நான்காம் பத்தியில்
"கூடியவரை" என்ற சொல்லைச் சேர்க்க
ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று.
கவலை தெரிவிக்கும் நாடுகள் கவலை தெரிவித்தன.
வங்கி பிஸ்கட் தின்றது.

ஐந்து பத்துக்கு மின்சாரம் போயிற்று.
சுவரில் இருந்த தீர்மானம் அணைந்தது.
ப்ரொஜெக்டரின் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
பெயர்ப்பலகைகள் தெரியவில்லை,
எந்த நாடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும்.
"தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை!"
யாரோ கத்த, எல்லோரும் சிரித்து,
சிரிப்பு ஓய்ந்த இடத்தில் ஒரு குரல் சொன்னது:
பிஸ் உறைந்துபோகிறோம்.

கிர்கிஸிலும் பிஸ்தான், உஸ்பெக்கிலும் பிஸ்தான்.
சொன்னது எந்தக் கரை என்று இருட்டில் தெரியவில்லை.
சிக்கல் எனக்கு மட்டும்.
குறிப்பெழுத வந்தவன் நான், தமிழில் எழுதுகிறவன்.
நாங்கள் என்று போட்டால்
மேசை நடுவே ஓர் எல்லைக்கோடு விழும்.
நாம் என்று போட்டால்
ஒருவரும் கையெழுத்திடாத உடன்படிக்கை.
பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
விரல் மரத்தது.
கடைசியில்
குளிர்கிறது
என்று மட்டும் எழுதினேன்.
யாருக்கு என்று சொல்லாமலே விடுகிற வழி
இந்த மொழியில் இருக்கிறது.

ரைசா வந்தார், சாவிக்கொத்தோடு.
ஆறு மணிக்குக் கதவு. தீர்மானம் முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

படிக்கட்டில் எர்மெக் முன்னால்,
அவன் கைபேசிக்கு மட்டும் உயிர் இருந்தது.
ஒளி முழுக்கக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் மேலேயும் விடேன்"
என்றாள் தில்னவோஸ் மேல்படியிலிருந்து.
திரும்பாமலே கையைத் தூக்கினான்,
கூடியவரை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நான் ஒரு படியைத் தவறவிட்டேன்.