வாயில் ஒன்றும் வேண்டாம்

கல்முனை ஆஸ்பத்திரி ஏழாம் வாட்டுப் பலகையில்
எனக்கு முன்னால் யாரோ எழுதிய வரி:
இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வாயில் ஒன்றும் வேண்டாம்.
சோக்கட்டி மாறியது, கையெழுத்து மாறியது,
கடல் வந்துபோன வருஷம் பலகையே மாறியது.
வரி மட்டும் அப்படியே.

பதினொரு வருஷம் நானும் சொன்னேன்.
கட்டில் கட்டிலாய்ப் போய்
தலைமாட்டுப் போத்தல்களை எடுத்து
யன்னலோரம் அடுக்கினேன்:
கைக்கு எட்டாது, கண்ணுக்கு எட்டும்.

சாய்ந்தமருது ஹயறுன்னிஸா உம்மா.
பித்தப்பையில் கல், லிஸ்டில் நாலாவது.
காலை எட்டு என்றது பத்தாகி,
இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வந்து
பத்து ஒன்றரையாகி,
மூன்று மணிக்கு
உதட்டில் ஒற்ற நனைத்த பஞ்சு கேட்டா.
"நோன்பெண்டாலும் சஹருக்கு எழுப்புவாங்க மிஸ்ஸி,
இதுக்கு ஆரும் எழுப்பல்லியே."
வாட்டே சிரித்தது. அவவும் சிரித்தா,
உதடு வெடித்து ஒரு துளி இரத்தம்.

அக்கரைப்பற்று பஸ்ஸில் நின்றபடி
டேட்டா முடியும்வரை படித்தேன்.
பல்லில் சிக்கும் ஆங்கிலம்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
மயங்கிக் கிடந்தவர்களின் இரைப்பைக்குள் குழாய் விட்டு
மிஞ்சிக் கிடந்ததை
மில்லிலீற்றரில் அளந்திருக்கிறார்கள்.
வெறும் தண்ணீர் வயிற்றைக் கடக்க
இரண்டு மணித்தியாலம் போதுமாம்.
பால் அப்படியில்லை, சோறு அப்படியில்லை.
நாங்களோ தண்ணீரையும் சோற்றையும்
ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தோம்.

"வெள்ளைக்காரன்ட வயிறு வேற,
நம்மட வயிறு வேற," என்றா
வாட்டுப் பொறுப்பு சிஸ்டர் யோகரத்தினம்.
தட்டிக் கழிக்கிற பேச்சுத்தான்.
ஆனாலும் நல்ல கேள்வி.

எனவே எண்ணத் தொடங்கினேன்.
நாற்பது பக்கக் கொப்பி.
கடைசி மிடறு எத்தனை மணிக்கு,
தியேட்டர் கதவு திறந்தது எத்தனை மணிக்கு,
நடுவில் ஒரு கழித்தல்.
ஐந்து கிழமையில் அறுபத்திரண்டு பேர்.
குறைந்தது ஒன்பது மணித்தியாலம்.
கூடியது பத்தொன்பது:
பாண்டிருப்பு மீன் வியாபாரி, இரணியா,
கடைசியில் அன்றைக்கு ஒப்பரேஷனே நடக்கவில்லை.

மயக்க மருந்து டொக்டர் விதானகே
கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார்.
"நான் பன்னெண்டு சொன்னது இல்ல மிஸ்.
சாப்பாடு ஆறு மணித்தியாலம், அதுதான் சொன்னது.
யார் சொன்னது பன்னெண்டு?"
யாரும் சொல்லவில்லை, டொக்டர்.
அது சொல்லப்பட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது விடிய ஐந்தரைக்கு
லைட்டைப் போட்டு எழுப்புகிறேன்.
ஒரு கப் தண்ணீர்,
கேட்டால் பால் சேராத தேத்தண்ணி.
முதல் நாள் ஒருவர்
குடிக்கலாமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டு
கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் கட்டிலுக்குக் கொடுக்கவில்லை.
துறைநீலாவணை அழகேஸ்வரி,
இருபது வருஷச் சீனி வருத்தம்.
நேற்றுப் பகல் தின்ற சோறு
இன்னும் நெஞ்சில் நிற்குது மிஸ்ஸி என்றாள்.
கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது:
இப்படியானவர்களை நாங்கள் சேர்க்கவில்லை.
அந்த வரியை அவளுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
"அப்ப என்ட வயித்த ஆரும் அளக்கல்லியா?"
என்னிடம் பதில் இல்லை.
டொக்டர் வரட்டும் என்றேன்.
பக்கத்துக் கட்டிலில் யாரோ
சத்தமாய் உறிஞ்சிக் குடித்தார்கள்.

போன செவ்வாய், லீவு முடிந்து வருகிறேன்,
பலகையில் அதே பழைய வரி.
புதிதாய் வந்த பிள்ளை எழுதியிருக்கிறாள்,
முத்து முத்தான கையெழுத்து,
கீழே இரட்டைக் கோடு வேறு.
டஸ்டரைக் காணவில்லை.
உள்ளங்கையால் துடைத்தேன்.
ஐந்தரை ஆகிவிட்டது,
கையைக் கழுவவேண்டும்,
கேத்தல் கொதிக்கிறது.